மச்சாளின் முழங்கால்

ஜேர்மனிக்கு வந்ததிலிருந்து நாங்கள் எந்த விடுமுறையிலும் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியது கிடையாது. எங்கள் ஆட்களுக்கு ஊர்லாப் என்னும் விடுமுறைப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. கலியாணம், சாமத்தியச் சடங்கு, தேர்த்திருவிழா, செத்தவீடு, இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் நாங்கள் காரில் பெட்டி ஏற்றியதும் கிடையாது. பாரிஸுக்குப் பல தடவை போயிருக்கிறேன். ஈஃபில் கோபுரம் எப்படி என்று வேலையிடத்தில் கேட்பார்கள். நான் பார்த்த பாரிஸ், என் தங்கையின் வரவேற்பறையில் விரித்த மெத்தையும் லா சப்பல் தமிழ்த்தெருவின் மரக்கறிக் கடைகளும்தான். கோபுரத்தின் விளக்கு ஒருமுறை தூரத்தில் தெரிந்தது, அதுவும் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது.

நான் ஒரு கிண்டர்கார்டன் சமையலறையில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரி வருடம் தவறாமல் இத்தாலியின் டொஸ்கானாவுக்குப் போவாள். தோட்டத்துக்கு நடுவில் ஒரு கல்வீடு, அதற்குள்ளேயே சமையலறை, காலையில் ஏதாவது ஒரு மலையூருக்குப் போய்ச் சுற்றிவிட்டு, பின்னேரம் திரும்பி வந்து முற்றத்தில் சும்மா இருப்பது. இவ்வளவுதான் அவள் சொல்வது. உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடி வருடக்கணக்காக இதைக் கேட்டிருக்கிறேன். அவளுடைய அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மலை உச்சியில் மதில் சூழ்ந்த ஊர், மதிலோரம் உட்கார ஒரு நீண்ட கல் வாங்கு, வாங்கில் யாருமில்லை. அந்த யாருமில்லாததில்தான் எனக்கு ஆசை வந்தது.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நானும் என் கணவரும் ஒரு வீட்டில் தனியாக இருந்ததில்லை. முதலில் அகதிகள் விடுதி, அதில் அவருடைய சினேகிதர்கள். பிறகு வீடு கிடைத்தது, கூடவே அவருடைய தம்பியும் வந்து சேர்ந்தான். அவன் கனடாவுக்குப் போகும்வரை அவனுக்கும் சேர்த்துத்தான் நான் சோறு போட்டேன். பிறகு பிள்ளைகள். கடைசி மகள் வேலை கிடைத்து ஹம்பேர்க்குக்குப் போன பிறகுதான் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து பார்த்துக்கொண்டோம். அவர் உப்பைக் கேட்டார், நான் கொடுத்தேன். அதற்கு மேல் கதைக்க ஒன்றும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கிழமையே டொஸ்கானாவில் ஒரு கல்வீட்டைப் பதிவு செய்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருடைய நெஞ்சு நோவு வெளியே வந்தது. தொழிற்சாலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை மேலாளர் கட்டாயப்படுத்தி டொக்டரிடம் அனுப்பியிருந்தார். குழாய் விட்டுப் பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. அடைப்புக்குள் ஸ்டென்ட் வலை வைத்துச் சரிப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது, நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். நோவு வந்தால் நாக்குக்குக் கீழே அடிப்பதற்கு ஒரு சின்னக் குப்பியில் மருந்தும் கொடுத்தார். விடுமுறைக்குப் போகலாமா என்று கேட்டேன். போகலாம், ஆனால் பாரம் தூக்கக்கூடாது, படி ஏறினால் மெல்ல மெல்ல என்றார். நான் எடுத்திருந்ததோ படிகளைத் தவிர வேறொன்றுமே இல்லாத ஊர். திரும்பி வந்ததும் முடிவைச் சொல்லுங்கள், ஒப்பரேஷனுக்கு டெர்மின், அதுதான் நாள், போடுவோம் என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவர் முடிவு சொல்லவில்லை. டொக்டருக்கு மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை என்றார். இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்றார். குளிர்காலம் போகட்டும் என்றார். கடைசியில், "உது வாயு, நீர் சும்மா பயப்பிடாதையும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். எங்கள் ஆம்பிளைகளுக்கு நெஞ்சுக்குள் என்ன வந்தாலும் அது வாயுதான். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் வாயுவாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்த மனிதர் எழும்பவில்லை. என் கணவருக்கு இப்போது அந்த வயது.

ஆகவே அந்த ஒரு கிழமையில் எனக்கு இருந்தது ஒரே வேலை. மலையூர் பார்ப்பதெல்லாம் பிறகு. யாருமில்லாத இடத்தில் அவரை இருத்தி வைத்து, ஒப்பரேஷனுக்கு "ஓம்" என்ற ஒரு சொல்லை வாங்கிவிட வேண்டும்.

விஷயத்தை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சத்தியம் வாங்கிவிட்டார். அதில் எனக்கும் ஆச்சரியமில்லை, எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். வருத்தத்தை அடுத்த வீட்டுக்குச் சொல்வோம், அடுத்த நாட்டிலிருக்கும் சகோதரத்துக்குச் சொல்லமாட்டோம். அதுகள் தூரத்தில் இருந்து யோசிக்கும், பாவம், என்பது வெளியே சொல்லும் காரணம். கலியாண வயதில் பிள்ளைகள் இருக்கும்போது பரம்பரையில் நெஞ்சு வருத்தம் என்று பெயர் வரக்கூடாது என்பது உள்ளே இருக்கும் காரணம். கனடாத் தம்பியோ அந்த மாதங்களில் குடும்பக் குழுவில் விடிந்தால் ஒரு வீடியோ போடுவான். பூண்டும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் இரத்தக்குழாய் அடைப்புக் கரையும் என்று ஒன்று, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்று இன்னொன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவருக்கு முகம் சிவக்கும். "உவனுக்கு ஆரோ சொல்லிப்போட்டினம்" என்று என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். நான் சொல்லவே இல்லை.

நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். அங்கிருந்து இத்தாலிக்குக் காரில் போவதென்றால் சுவிஸைத் தாண்ட வேண்டும். சூரிச்சுக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா, என் மச்சாள், இருக்கிறா. வாசலால் போய்விட்டு இறங்காமல் போவது எங்கள் ஆட்களிடம் கோர்ட் கேஸுக்குச் சமம். அதனால் அவர் முன்கூட்டியே அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தார். நான் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓம் அக்கா, ஒரு கிழமை. பெரிய வீடு, ரெண்டு அறை சும்மா கிடக்குது. நீங்களும் வாங்கோவன்."

இந்த வாங்கோவனை நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வோம். யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கல்வீடு படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. சரளைக்கல் பாதை வளைந்து வளைந்து ஏறிப் போய் முற்றத்தில் முடிந்தது. தடித்த சுவர், தலைக்கு மேல் மர உத்திரம், சிவப்பு ஓட்டுத் தரை. பக்கத்து வீட்டில் சொந்தக்காரி, எழுபது வயதிருக்கும், கோழி வளர்க்கிறாள். அவளுக்கு இத்தாலியனைத் தவிர வேறொன்றும் தெரியாது, நாங்கள் கையால் கதைத்தோம். குளியல் தொட்டிக்குள் ஒரு சின்னக் கறுப்புத் தேள் இருந்தது. நான் கத்தினேன். என் கணவர் கோப்பையால் மூடி எடுத்துப் போய் வெளியே விட்டார். ஊரில் என்றால் செருப்பால் அடித்திருப்பார், வாடகை வீட்டுத் தேளுக்கு மரியாதை கொடுத்தார்.

கைபேசிக்கு அந்த வீட்டில் எங்குமே சிக்னல் இல்லை. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு அத்திமரத்தின் கீழ் நின்றால் மட்டும் வரும். எனக்கு அது பெரிய சந்தோஷம். சமைக்கவே போவதில்லை, பாணும் சீஸும் தக்காளியும்தான் என்று சொல்லியிருந்தேன். ஆனால் காரைத் திறந்தால் அரிசி, தூள், ரைஸ் குக்கர் எல்லாம் பின்னால் இருந்தன. அவர் எனக்குத் தெரியாமல் ஏற்றியிருந்தார். தன் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அடுப்புக்கு மேலிருந்த கல்தட்டில் வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா இந்தியாவில் கோயில் கோயிலாகப் போய் வந்து, சிதம்பரத்தில் அருச்சனை செய்து அனுப்பிய திருநீறு. நெஞ்சு நோவு வந்த பிறகு அதைப் பூசாமல் அவர் வெளியே போவதில்லை. டொக்டர் தந்த குப்பியை வீட்டில் மறந்தாலும் மறப்பார், இதை மறக்கமாட்டார்.

பின்னேரம் முற்றத்தில் இரண்டு கதிரையைப் போட்டேன். எதிரே மலைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நின்றன. நல்ல நேரம், ஆரம்பிப்போம் என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ..."

"அக்கா ஆக்கள் நாளைக்கு வருகினம்," என்றார் அவர், மலையைப் பார்த்தபடியே.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் பற்றிக்கொள்ளும். என் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே மச்சாளும் அவவின் கணவரும் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கு இவ்வளவு சாமானா என்று சொந்தக்காரி கோழித்தீனியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, ஐஸ் பெட்டிக்குள் சூரிச் தமிழ்க்கடை மீன், பச்சைத் தோலோடு ஒரு பிள்ளைப் பாரத்தில் வத்தகப்பழம் ஒன்று. மச்சாள் அந்த வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் பூட்டிய சட்டையோடு இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தா.

"பிள்ளை, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

நான் மெலியவில்லை. என் கணவர் வத்தகப்பழத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் மற்றச் சாமான்களோடு உள்ளே போனபோது அவர் வாங்கில் இருந்தார், முகம் வெளிறியிருந்தது. வளைந்த பாதையில் வந்ததில் இப்போதுதான் தலை சுற்றுகிறது என்று சொன்னார். பாதையில் வந்தது முதல் நாள். மச்சாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீனைக் கழுவப் போனா.

அன்று பின்னேரம் நான் டொஸ்கானாவில் வெங்காயம் உரித்தேன். மலைகள் அதே இடத்தில் நின்றன, நான் அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மீன் குழம்பு மணம் முற்றத்தைத் தாண்டிப் போக, சொந்தக்காரி ஒரு கிண்ணத்தில் முட்டையோடு வந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். மச்சாள் அவளை இருத்திச் சோறு போட்டுக் கொடுத்தா. அவள் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டாள், நிறுத்தவும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான், எங்கள் மேசையில் எப்போதும் மூன்றாவது கோப்பை ஒன்று இருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் இரண்டு மலையூருக்குப் போனோம். இரண்டையும் பாதிதான் பார்த்தோம். அந்த ஊர்களில் மதிலுக்குள் கார் போக முடியாது. கீழே நிறுத்திவிட்டுக் கல் பாவிய ஒழுங்கையால் ஏற வேண்டும். ஒரு வளைவு ஏறியதும் மச்சாள் நிற்பா.

"ஐயோ, என்ரை முழங்கால். தம்பி, கொஞ்சம் நில்லடா."

என் கணவரும் நிற்பார். இரண்டு பேரும் யாரோ ஒருவரின் வாசற்படியில் இருந்து, ஜன்னலில் காயும் உடுப்பைப் பற்றியும் பூச்சட்டியைப் பற்றியும் கதைப்பார்கள். எழும்பி இன்னும் ஒரு வளைவு. "ஏலாது பிள்ளை, முழங்கால்." காரில் திரும்பும்போது தெருவோரம் பெருஞ்சீரகச் செடி காடாக வளர்ந்திருப்பதைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னா. கறித்தூளுக்குப் போடும் சாமான் இங்கே களையாகக் கிடக்கிறது என்று கை நிறைய முறித்தா. குனியவும் நிமிரவும் அந்த முழங்காலுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நான் அதைக் கண்டேன், எனக்குக் கோபம்தான் கூடியது.

மூன்றாவது ஊர், ஜேர்மன்காரியின் அலமாரிக் கதவில் இருந்த ஊர். கீழே இருந்து பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. அந்த மதில், மதிலுக்கு மேலே கோபுரம். அந்தக் கல் வாங்குக்குப் போயே தீருவதென்று முடிவெடுத்தேன். அவரைத் தனியாக அங்கே இருத்தினால் அரை மணித்தியாலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். மச்சாளின் கணவர் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு கோப்பிக் கடையைக் கண்டு, தான் அங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

"மச்சாள், நீங்களும் அண்ணையோடை இருங்கோ," என்றேன் நான். "நாங்கள் மெல்ல ஏறிட்டு வாறம். ஒவ்வொரு வளைவிலையும் நிண்டால் இண்டைக்கும் பாதியிலைதான் திரும்பவேணும்."

என் குரலில் காரம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

"இல்லைப் பிள்ளை, நானும் வாறன்," என்று சொல்லி மச்சாள் முன்னால் நடந்தா.

என் கணவருக்கு நான் அக்காவிடம் அப்படிக் கதைத்தது பிடிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் முன்னால் விறுவிறென்று ஏறத் தொடங்கினார். "மெல்ல, மெல்ல" என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். மச்சாள் தன் வழக்கமான பாட்டைப் பாடினா, "தம்பி, முழங்கால், நில்லடா." அவர் நிற்கவில்லை. இரண்டாவது வளைவு கடந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவர் ஒரு வீட்டுச் சுவரில் கையை ஊன்றியபடி பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்.

"வடிவான இடம். பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. இடது கை தாடையைப் பிடித்திருந்தது.

வாயைத் திறந்தால் மச்சாளுக்கு விஷயம் தெரிந்துவிடும், திறக்காவிட்டால் அவர் விழுந்துவிடுவார். அந்தக் கணத்தில் கூட சத்தியத்தை நினைத்த என் தலையை என்னவென்று சொல்வது.

மச்சாள் என்னைத் தாண்டிப் போனா.

"ஸ்பிறே எந்தப் பொக்கற்றிலை?"

அவர் அக்காவைப் பார்த்தார். "என்ன ஸ்பிறே?"

"நடிக்காதை. எந்தப் பொக்கற்றிலை?"

அவர் பொக்கற்றைத் தடவினார், ஒன்றும் இல்லை. நான் என் கைப்பையைக் கிளறினேன், அதிலும் இல்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு குப்பியைக் கல்தட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதற்குள் மச்சாள் தன் கைப்பையைத் திறந்து, எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே ஒரு சின்னக் குப்பியை எடுத்தா. ஒரே அசைவில் மூடியைக் கழற்றினா.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

அடித்தா. எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி எங்களைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் தன் சமையலறைக் கதிரையைத் தூக்கி வந்து ஒழுங்கையில் போட்டாள். இன்னொன்றையும் கொண்டுவந்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்தாள். அவருடைய முகத்தில் நிறம் திரும்பும்வரை நான் அவர் தோளைப் பிடித்தபடி நின்றேன். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவோமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், நோவு இறங்குது என்றார். ஐந்து நிமிடம் பார்ப்பம், போகாவிட்டால் கூப்பிடு என்றா மச்சாள். கைபேசியில் விரலை வைத்தபடி நின்றேன். நோவு போய்விட்டது.

"உங்களிட்டை எப்பிடி இது?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

மச்சாள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கழுத்துப் பொத்தான் இரண்டைக் கழற்றினா. நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு தழும்பு நேராக இறங்கியிருந்தது.

"ரெண்டு வருசமாச்சு," என்றா. "நாலு இடத்திலை அடைப்பு."

"ரெண்டு வருசமோ?" என் கணவர் கதிரையில் நிமிர்ந்தார். "அப்ப நீ இந்தியாவுக்குப் போனனி எண்டு..."

"எங்கை போனது? சூரிச் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். உனக்குச் சொன்னால் நீ யோசிப்பாய். கனடாத் தம்பிக்குச் சொன்னால் அவன் அங்கையிருந்து பிளேன் ஏறிடுவான். மகளுக்கும் அப்பதான் கலியாணம் பேசிக்கொண்டு இருந்தது. கோயிலுக்குப் போறம், ரெலிபோன் வேலை செய்யாது எண்டு சொல்லிவிட்டம்."

என் கணவர் தன் நெற்றியைத் தொட்டார். அங்கே காலையில் பூசிய மூன்று கோடு இன்னும் இருந்தது.

"அப்ப இந்தத் திருநீறு?"

"அது... தமிழ்க்கடையிலை வாங்கினது," என்றா மச்சாள். "கோயிலுக்குப் போனம் எண்டு சொல்லிப்போட்டு வெறுங்கையோடை இருக்கேலுமே?"

அவர் சிரிக்கத் தொடங்கினார். மச்சாளும் சிரித்தா. கதிரை தந்த கிழவியும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் நான் நிறுத்தவில்லை.

"அப்ப உங்கடை முழங்கால்?" என்றேன் நான்.

"முழங்காலுக்கு என்ன, அது நல்லாத்தான் இருக்கு. அண்டைக்கு வத்தகப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் இருந்தான் பாரு, அப்பவே கண்டுட்டன். நானும் அப்பிடித்தான் இருந்தனான். நீ நில் எண்டால் அவன் நிப்பானோ? எனக்கு ஏலாது எண்டால்தான் நிப்பான்."

மூன்று நாளாக நான் சபித்த முழங்கால் அது. அந்த ஒழுங்கையிலேயே மச்சாளின் காலைப் பிடித்திருப்பேன், ஜீன்ஸ் போடாமல் நான் சேலை கட்டியிருந்தால் குனிய வசதியாக இருந்திருக்கும்.

சிரிப்பு அடங்கிய பிறகு என் கணவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"அக்கா... நோகுமோ?"

மாதக்கணக்காக நான் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். டொக்டரின் வயது, ஆஸ்பத்திரியின் பெயர், குளிர்காலம், வாயு என்று எத்தனையோ கதைத்திருக்கிறார். இந்த ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை, டொக்டரிடமும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆம்பிளைக்கு நோகும் என்று பயம். அதைக் கேட்க அவருக்கு அக்காதான் வேண்டியிருந்தது, நான் அல்ல. எனக்கு அது சுட்டது. பொறாமை என்றும் சொல்லலாம்.

"ஓம்," என்றா மச்சாள். "நோகும். இருமினால் உயிர் போகும். அதுக்கு ஒரு சின்னத் தலையணை தருவினம், அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருமவேணும். ஒரு மாசம் கடுமை. பேந்து குறைஞ்சு போயிடும். நான் இப்ப இடியப்பம் பிழியிறன்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

கல் வாங்குவரை நாங்கள் ஏறவில்லை. கிழவியின் கதிரைகளை அவள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு மெல்ல இறங்கினோம். அந்த ஊரையும் பாதிதான் பார்த்தோம்.

மச்சாள் ஆட்கள் ஒரு நாள் முன்னதாகவே சுவிஸுக்குத் திரும்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தான் வந்து நிற்பதாக மச்சாள் என்னிடம் சொன்னா. வாங்கோவன் என்று நான் சொல்லவில்லை. "வாங்கோ மச்சாள்" என்றேன்.

கடைசி நாள் நானும் அவரும் மட்டும். நான் இவ்வளவு பாடுபட்டுத் தேடிய தனிமை. அதே இரண்டு கதிரை, அதே மலைகள். இந்த முறை அவர்தான் தொடங்கினார்.

"நான்தான் அக்காவை வாங்கோ வாங்கோ எண்டு கரைச்சல் குடுத்தனான். நாலு தரம் ரெலிபோன் எடுத்தனான்."

"ஏன்?"

"தனிய இருந்தால் நீர் கேப்பீர். நீர் கேட்டால் நான் அழுதிடுவன்."

நான் கேட்கவில்லை. ஆனாலும் அவர் அழுதார். என் கையைப் பிடித்தபடி, சத்தமில்லாமல், கொஞ்ச நேரம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்து செய்த முதல் வேலை அது. உப்புக் கேட்டதைவிட நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அத்திமரத்தடிக்குப் போனார். கோழிகள் காலைச் சுற்றி மேய, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு ஜேர்மனில் உரத்துக் கதைத்தார். திரும்பி வந்து, டெர்மின் எடுத்தாச்சு, அடுத்த மாதம் முதல் கிழமை என்றார். நெஞ்சிலிருந்த கல் இறங்கியதுபோல இருந்தது, அவருக்கல்ல, எனக்கு.

"ஆரும் கேட்டால் கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லும்," என்றார்.

"சொல்லமாட்டன்," என்றேன். "உங்கடை குடும்பத்திலை கோயிலுக்குப் போனது காணும். இப்பவே சொல்லப்போறன்."

அவர் தடுக்கவில்லை. நான் கோழிக்கூட்டுப் பக்கம் போய் அவருடைய தம்பிக்கு ரெலிபோன் அடித்தேன். கனடாவில் அப்போது காலை. என் கையால் சோறு தின்று வளர்ந்தவன், என் குரலைக் கேட்டதும் சந்தோஷமாக, "என்ன அண்ணி, இத்தாலி எப்பிடி?" என்றான். அண்ணனுக்கு மூன்று இடத்தில் அடைப்பு, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்று நேராகச் சொன்னேன். அக்காவின் தழும்பையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதாக நினைத்து அத்திமரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவன் கதைத்தான், வீட்டில் இருக்கும் யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

"அண்ணி, அண்ணாவுக்கு முதல் முதல் எந்தப் பக்கம் நொந்தது?"